சாரலுக்கு முன் ஒரு முறை, ஐப்பசிக்கு முன் ஒரு முறை
குடியானவர் தம் வீட்டைப் பேணும் முறைகள்

பிசான அறுவடை முடிந்து களத்து நெல் வீடு வந்து சேர்ந்த பின், கார் நாற்றங்கால் வேலை தொடங்கும் வரை குடியானவருக்குச் சிறிது ஓய்வு கிடைக்கும். பங்குனி, சித்திரை, வைகாசி ஆகிய மூன்று மாதங்களே அந்த ஓய்வுக் காலம். கையிலும் நாலு காசு இருக்கும். வெயில் காய்வதால் மரமும் சுவரும் நன்கு உலர்ந்திருக்கும். வீட்டைச் செப்பனிடுவதற்கு ஆண்டில் இதைவிட ஏற்ற காலம் வேறில்லை. ஆனால் பெரும்பாலான வீடுகளில் ஓடு மாற்றும் நினைவு வருவது, தூக்கத்தில் முகத்தில் ஒரு சொட்டு விழுந்த பிறகுதான்.

தென்காசியை அடுத்த குத்துக்கல்வலசை போன்ற ஊர்களில் இந்தத் தாமதத்திற்குக் கொடுக்கும் விலை மற்ற இடங்களைவிட அதிகம். காரணம், இந்த வட்டாரத்திற்கு மழை இரண்டு. தமிழ்நாட்டின் பெரும்பகுதி வெயிலில் வாடும் ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியாக நுழைந்து குற்றாலத்திலும் தென்காசியிலும் சாரலாகப் பொழிகிறது. பிறகு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. இந்த இரண்டு மழைக்கும் குணம் வேறு. ஆகவே வீட்டுக்குச் செய்யும் தீங்கும் வேறு.

சாரல் மெல்லியது. ஓர் ஓட்டை உடைக்கும் வலிமை அதற்கு இல்லை. ஆனால் காற்றோடு சாய்ந்து வந்து மேற்குச் சுவரையும் மேற்குப் பக்கக் கூரையையும் நாள் கணக்கில் ஈரமாகவே வைத்திருக்கும். மரம் உளுத்துப் போவதும், சுவர் பொரிவதும், கறையான் ஏறுவதும் இந்த ஓயாத ஈரத்தால்தான். ஐப்பசி மழை அப்படியன்று. கொட்டித் தீர்த்துவிட்டுப் போகும். வடிகால் அடைபட்ட மொட்டை மாடியையும், அடித்தளம் அரிக்கப்பட்ட மண்சுவரையும் ஓர் இரவில் சோதித்துவிடும். 2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. பதிவாயிற்று.

எனவே வீட்டை ஆண்டுக்கு இரண்டு முறை பார்வையிட வேண்டும். சாரலுக்கு முன், வைகாசியில் ஒரு முறை: அப்போது கவனிக்க வேண்டியவை கூரை, மரம், மேற்குச் சுவர், விதை இருப்பு. கார் அறுவடைக்கும் ஐப்பசி மழைக்கும் இடையே, புரட்டாசியில் ஒரு முறை: அப்போது கவனிக்க வேண்டியவை வடிகால், மொட்டை மாடி, அடித்தளம்.

ஓர் ஓட்டின் கதை

ஓட்டு வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். தார்சாவுக்கு மேலே ஓர் ஓடு இரண்டு விரற்கடை நழுவியிருக்கிறது. முதல் ஆண்டு சுவரில் ஒரு பழுப்புக் கறை தெரியும். வீட்டு அம்மாள் கீழே ஒரு பாத்திரத்தை வைத்துச் சமாளிப்பார். இரண்டாம் ஆண்டு ஓட்டைத் தாங்கும் ரீப்பர் உளுக்கும். பக்கத்திலுள்ள ஓடுகளும் இறங்கும். அதற்கடுத்த ஆண்டுகளில் கைமரத்தின் நுனி இற்றுப்போகும். ஈர மரத்தைத் தேடிக் கறையான் சுவர் வழியே ஏறும். முதல் ஆண்டில் ஓர் ஓடும் அரை மணி நேரமும் போதுமாக இருந்தது. இப்போது ஆசாரி, கொத்தனார், மரம், சாரம் எல்லாம் வேண்டும். வீட்டுச் செலவில் கடன் ஏறும் வழி பெரும்பாலும் இதுதான்.

ஒழுக்கை முதலில் அறிகிறவர் வீட்டிலுள்ள பெண்கள். எந்த மூலையில் பாத்திரம் வைக்க வேண்டியிருக்கிறது, எந்தச் சுவரில் துணி மாட்டினால் பூசணம் பிடிக்கிறது என்பது அவர்களுக்கே தெரியும். வைகாசிப் பார்வையைத் தொடங்குமுன் அவர்களிடம் கேட்டுக் குறித்துக்கொள்வது பாதி வேலையை முடித்துவிடும்.

ஒழுகும் இடத்தைக் கண்டுபிடித்தல்

உச்சி வெயிலில் கதவு, சன்னல்களை அடைத்துவிட்டு உள்ளிருந்து கூரையை அண்ணாந்து பார்க்க வேண்டும். வெளிச்சம் ஊசி முனை அளவு தெரியும் இடமெல்லாம் நீர் புகும் இடம். அங்கே சுண்ணாம்புக் கட்டியால் குறியிடலாம். ஆனால் சொட்டுகிற இடத்துக்கு நேர் மேலேதான் ஓடு பழுதாகியிருக்கும் என்று எண்ணக்கூடாது. நீர் ஓட்டின் அடியிலும் கைமரத்தின் மீதும் சற்றுத் தூரம் ஓடி வந்தே சொட்டும். கறையிலிருந்து முகட்டை நோக்கி மேலே மேலே தேடிச் சென்றால் உண்மையான இடம் அகப்படும்.

சீமை ஓடாக இருந்தால் உடைந்ததை மட்டும் மாற்றினால் போதும். மேல் வரிசை ஓட்டைச் சற்றே தூக்கி, புது ஓட்டை அடியில் செருகி, அதன் காது ரீப்பரில் நன்கு மாட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்க்க வேண்டும். புது ஓடு வாங்கும்போது விரல் மடக்கித் தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். மொத்தையாக ஒலிப்பது வேகாத ஓடு அல்லது கீறல் விட்ட ஓடு. பழைய ஓட்டின் அச்சும் புது ஓட்டின் அச்சும் ஒன்றாக இருப்பதும் முக்கியம். அளவு மாறினால் இடைவெளி விழும். ஆகவே பழைய ஓடு ஒன்றைக் கையோடு கொண்டுபோவது நலம்.

நாட்டு ஓட்டுக் கூரையில் காற்றும் எலியும், மலையடிவார ஊர்களில் குரங்கும், ஓடுகளை இடம் பெயர்த்துவிடும். சருகும் மண்ணும் தங்கிய இடத்தில் நீர் தேங்கி உட்புறம் கசியும். இதற்குச் சருகைத் துடைத்து ஓட்டைத் திருப்பி வேய்வதே வழி. தார்பாய் விரிப்பது ஒரு பருவத்துக்கு உதவலாம். அதன் அடியில் காற்றோட்டமின்றி மரம் புழுங்கி உளுக்கும் என்பதால் மழை முடிந்ததும் எடுத்துவிட வேண்டும்.

முகட்டு ஓட்டின் காரை விரிந்திருந்தால், பழைய காரையைச் சுரண்டி எடுத்து, நீர் தெளித்து, ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு மணல் கலந்து பூசலாம். பழைய காரையின் மேலேயே பூசினால் அடுத்த வெயிலில் பெயர்ந்துவிடும். இரண்டு கூரைகள் சேரும் கூடுவாயில்தான் நீர் மிகுதியாக ஓடும். அங்குள்ள தகடு துருப்பிடித்திருந்தால் ஒட்டுப் போடாமல் மாற்றிவிடுவதே சிக்கனம்.

கூரை மீது ஏறுவோர் ஈர ஓட்டில் கால் வைக்கக்கூடாது. ஆஸ்பெஸ்டாஸ் தகட்டின் மீது நேராக மிதிக்கவே கூடாது. சட்டங்களின் மேல் படியுமாறு பலகை போட்டு அதன் மேல்தான் நடக்க வேண்டும். அத்தகட்டை அறுக்கும்போதும் உடைக்கும்போதும் எழும் தூசி நுரையீரலைக் கெடுக்கும். உடைந்த துண்டுகளை நனைத்தபின் எடுக்க வேண்டும், துடைப்பத்தால் கூட்டக்கூடாது.

மரமும் கறையானும்

முன்பு அடுக்களைப் புகை கைமரத்தில் படிந்து பூச்சியை அண்டவிடாமல் காத்தது. எரிவாயு அடுப்பு வந்தபின் புகை போயிற்று. பெண்களின் கண்ணுக்கும் நெஞ்சுக்கும் அது பெரும் நன்மை. ஆனால் புகை செய்து வந்த காவலை இனி வேறு முறையில் செய்தாக வேண்டும்.

குத்தூசியால் உத்திரம், கைமரம், நிலை ஆகியவற்றைக் குத்திப் பார்க்கலாம். சுவருக்குள் நுழையும் நுனியும் தரையைத் தொடும் அடியும் முதலில் இறும். ஊசி எளிதாக இறங்கினால் உள்ளே உளுத்துவிட்டது. உத்திரத்தின் நுனி உளுத்திருந்தால் மழைக்கு முன் முட்டுக் கொடுத்துவிட்டு ஆசாரியை அழைக்க வேண்டும்.

நல்ல நிலையில் உள்ள, மழை படாத உட்புற மரங்களுக்கு 10 லிட்டர் வெந்நீரில் போரிக் அமிலம் 200 கிராமும் வெங்காரம் 300 கிராமும் கரைத்து, தூரிகையால் இரண்டு மூன்று முறை பூசலாம். இது நீரில் கரைந்து போகக் கூடியது. ஆகவே நனையும் மரத்துக்குப் பயன்படாது. தாழ்வாரத்து மரங்களுக்கு முந்திரிக் கொட்டை எண்ணெய் பூசுவது பழைய வழக்கம். அது தோலில் பட்டால் புண்ணாக்கும் என்பதால் கையுறை வேண்டும்.

சுவரில் கறையான் மண்குழாய் தெரிந்தால் அதைத் துடைத்துவிட்டு நிறைவடையக்கூடாது. கறையான் வருவது தரையிலிருந்து. வீட்டைச் சுற்றியுள்ள ஈரத்தையும் சுவரோரம் கிடக்கும் விறகு, பழைய பலகை, வைக்கோல் ஆகியவற்றையும் அகற்றுவதே முதல் மருந்து. அப்படியும் அடங்காவிடில் தரையும் சுவரும் சேரும் இடத்தில் அடிக்கு ஒன்றாக 12 மில்லி மீட்டர் துளையிட்டு, இமிடாகுளோப்ரிட் 30.5 எஸ்.சி. மருந்தை லிட்டர் தண்ணீருக்கு 2.1 மில்லி வீதம் கலந்து, துளை ஒன்றுக்கு ஒரு லிட்டர் வரை செலுத்தித் துளையைச் சிமெண்டால் அடைக்கலாம். கிணற்றை ஒட்டிய சுவரில் இதைச் செய்யக்கூடாது. ஆல்டிரின், பி.எச்.சி. போன்ற பழைய மருந்துகள் 1990களிலேயே நம் நாட்டில் தடை செய்யப்பட்டவை. பரணில் பழைய டப்பா கிடந்தாலும் அதைத் தொடக்கூடாது.

மேற்குச் சுவரும் சுண்ணாம்பும்

சாரல் அடிக்கும் மேற்குச் சுவருக்குத் தாழ்வாரம் குறைவாக இருந்தால், தென்னங்கிடுகுத் தட்டி கட்டி மறைப்பது மலிவான வழி. தட்டிக்கும் சுவருக்கும் இடையே அரை அடியாவது இடைவெளி விட்டால்தான் சுவர் காயும்.

சுண்ணாம்புக் காரையிலோ மண்ணிலோ கட்டிய பழைய சுவர்களில் பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. பொரிந்த இடத்தில் கெட்டியான சிமெண்டுப் பூச்சைப் பூசிவிடுகிறார்கள். பழைய சுவர் தன்னுள் ஏறிய ஈரத்தைக் காரை வழியாக வெளியே விட்டு உலரும் தன்மையது. சிமெண்டுப் பூச்சு அந்த வழியை அடைத்துவிடுகிறது. ஈரம் உள்ளேயே தங்கி, மேலும் உயரே ஏறி, இரண்டொரு ஆண்டில் பூச்சோடு சேர்ந்து சுவரும் பாளமாகப் பெயர்கிறது. சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புக் காரையே ஏற்றது.

வெள்ளையடிக்க, ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்புக்கு 5 லிட்டர் தண்ணீர் வீதம் ஊற்றி நீற்றி, ஒரு நாள் முழுதும் ஊறவிட்டு, துணியில் வடிகட்டி, சிறிது அரிசிக் கஞ்சி அல்லது கரைத்த கோந்து சேர்த்துக்கொண்டால் கையில் ஒட்டாது. சுண்ணாம்பு நீறும்போது கொதித்துத் தெறிக்கும். குழந்தைகளை அருகில் விடாதிருப்பதும், கண்ணில் பட்டால் உடனே ஏராளமான தண்ணீரால் கழுவி மருத்துவரிடம் செல்வதும் அவசியம்.

விதை நெல்லுக்கு ஆபத்து

வீடு ஒழுகினால் நனைவது பாய் தலையணை மட்டுமல்ல. பங்குனியில் எடுத்து வைத்த பிசான விதை, புரட்டாசியில் மீண்டும் நாற்றங்காலுக்குப் போகிறது. அதாவது சாரல் மாதங்கள் முழுவதையும் அந்த விதை வீட்டுக்குள்தான் கழிக்கிறது. மேற்குச் சுவரில் சாய்த்து அடுக்கிய மூட்டை, ஒரு சொட்டு நேரே விழாவிட்டாலும், சுவரின் ஈரத்தையும் காற்றின் ஈரத்தையும் உறிஞ்சி முளைப்புத் திறனை இழந்துவிடும். வண்டும் அந்துப்பூச்சியும் பெருகுவதும் ஈரம் ஏறிய நெல்லில்தான்.

விதை நெல்லின் ஈரப்பதம் 13 சதத்துக்கு மேல் போகக்கூடாது. மூட்டைகளைச் சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி, தரையிலிருந்து உயர்த்திய பலகையின் மேல் அடுக்க வேண்டும். குலுக்கையில் வைப்பவர்கள் வெடிப்புகளை மண்ணும் சாணமும் குழைத்து அடைத்து, நன்கு உலர்ந்த பின்னரே விதையைக் கொட்ட வேண்டும். விதைக்கு மட்டும், கிலோவுக்கு 10 கிராம் வசம்புத் தூள் கலந்து வைக்கலாம். ஆடியில் வெயில் முகம் காட்டும் நாளில் ஒரு முறை உலர்த்தி எடுப்பது நலம். உறங்கும் அறை உள்ள வீட்டில் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை வைப்பது உயிருக்கே ஆபத்து. அதன் நச்சுவாயு கதவிடுக்கு வழியே பரவிக் கொல்லும்.

ஆவணியில் 100 விதைகளை எண்ணி ஈரத் துணியில் முடிந்து முளைப்பைப் பார்க்க வேண்டும். 80க்குக் குறைவாக முளைத்தால் அந்த விதையை நம்ப வேண்டாம். நாற்றங்காலில் விட்டபின் வருந்துவதைவிட, ஒரு மாதம் முன்னதாக அறிந்து வேளாண்மை விரிவாக்க மையத்தில் வேறு விதை கேட்பது மேல்.

எலி புகாதிருக்கக் கதவின் அடி இடைவெளி கால் அங்குலத்துக்கு மிகாமல் தகடு அடிக்கலாம். சாக்கடைத் துளைக்கும் சாளரத்துக்கும் கால் அங்குலக் கண்ணுள்ள கம்பி வலை போதும். எலி இருக்கும் வீட்டைத் தேடிப் பாம்பு வரும் என்பதையும் மறக்கலாகாது. விறகை வீட்டுச் சுவரில் சாய்க்காமல், தள்ளி, தரையிலிருந்து உயர்த்தி அடுக்குவது இரண்டுக்கும் பாதுகாப்பு.

புரட்டாசியில் செய்ய வேண்டியவை

மொட்டை மாடியில் தென்னம்பாளையும் சருகும் சேர்ந்து நீர்ப்போக்கியின் வாயை அடைத்திருக்கும். அதைக் கூட்டி, வாயில் கம்பிக் கூடை பொருத்த வேண்டும். தளமும் கைப்பிடிச் சுவரும் சேரும் மூலையில்தான் பெரும்பாலும் கசிவு தொடங்குகிறது. அங்கே விரிசலை V வடிவில் கொத்தி, நீர்த்தடுப்புக் கலவை சேர்த்த சிமெண்டுச் சாந்தால் மூலையை வளைவாக அடைக்கலாம். தட்டோடுகளின் இடுக்கில் முளைத்த அரசு, ஆல் கன்றுகளை வேரோடு எடுத்துவிட வேண்டும். வெட்டிவிட்டால் மட்டும் போதாது.

காங்கிரீட் தளத்தின் அடியில் காரை உதிர்ந்து கம்பி தெரிந்தால், அதன் மேல் பூசி மறைப்பது தவறு. துருப்பிடித்த கம்பி பருத்து மேலும் காரையைத் தள்ளும். பொறியாளர் ஒருவரிடம் காட்டி, துருவை நீக்கி, உரிய பூச்சு பூசிய பின்னரே காரையிட வேண்டும்.

தாழ்வாரத்து நீர் விழுந்து விழுந்து அடித்தளம் அரிக்காதிருக்க, வீட்டைச் சுற்றி இரண்டரை அடி அகலத்துக்கு, அடிக்குக் கால் அங்குலம் வெளிப்புறம் சரியுமாறு தளம் போடலாம். ஓடைபோல வாய்க்கால் எடுத்து நீரைத் தள்ளிவிட வேண்டும். அந்த நீரை வீணாக்கவும் வேண்டாம். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லி மீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். 80 சதுர மீட்டர் கூரையில் ஓர் அங்குல மழை பெய்தால் சேதாரம் போகச் சுமார் 1,600 லிட்டர் கிடைக்கும். அதைக் கிணற்றருகே சல்லியும் மணலும் நிரப்பிய குழிக்குத் திருப்பலாம். 2003இல் தமிழகமெங்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டபோது அமைத்த குழிகள் பல இன்று மண் மூடிக் கிடக்கின்றன. மணலை எடுத்துக் கழுவிப் போட்டாலே அவை மீண்டும் உயிர் பெறும். சமையலறைக் கழிவுநீரை வாழைக்கும் கல்வாழைக்கும் விட்டால் சுவரோர ஈரமும் கொசுவும் குறையும். நீர்த்தொட்டிகளை வாரம் ஒரு முறை தேய்த்துக் கழுவி மூடிவைத்தால் டெங்குக் கொசுவின் முட்டை கொசுவாகுமுன் அழிந்துவிடும்.

உயிர் காக்கும் மூன்று சோதனைகள்

ஒன்று, சுவர் விரிசல். விரிசலின் குறுக்கே ஒரு காகிதத் துண்டை இறுக ஒட்டித் தேதி எழுதிவைக்க வேண்டும். ஒரு மாதத்தில் காகிதம் கிழிந்தால் சுவர் அசைகிறது என்று பொருள். அத்தகைய சுவரின் ஓரத்தில் மழைக்காலத்தில் யாரும் படுக்கக்கூடாது, மாடும் கட்டக்கூடாது. ஒவ்வோர் ஐப்பசியிலும் நனைந்த சுவர் விழுந்து உயிர் போகும் செய்தி வருகிறது. அந்தச் சுவர்களில் பல முன்கூட்டியே விரிசல் காட்டியவைதான்.

இரண்டு, மின்சாரம். ஒழுகும் நீர் மின்பெட்டி மீதோ கம்பி மீதோ படும் வீட்டில் முதலில் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். ஒழுக்கைப் பிறகு பார்க்கலாம். 30 மில்லி ஆம்பியர் மின்கசிவுத் தடுப்பான் ஒன்றை வீட்டுக்கும் தொழுவத்துக்கும் சேர்த்துப் பொருத்துவது, ஒரு மூட்டை நெல்லின் விலையைவிட நிச்சயமாகப் பெறுமதியுடையது. துணி உலர்த்தக் கம்பிக்குப் பதில் கயிறு கட்டுவதே பாதுகாப்பு.

மூன்று, படுக்கும் இடம். ஒழுக்கும் விரிசலும் உள்ள அறையில் முதியவர்களையும் குழந்தைகளையும் படுக்கவிடக்கூடாது. அந்த அறையைச் செப்பனிடும் வரை அடுத்த அறையே போதும்.

அரசுத் திட்டங்களில் 2000-01க்கு முன் கட்டப்பட்ட ஊரக வீடுகளைப் பழுதுபார்க்கத் தமிழக அரசு 2024இல் திட்டம் ஒன்றை அறிவித்தது. அத்தகைய வீட்டில் வசிப்போர் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் விசாரித்துப் பயன்பெறலாம்.

பயிருக்கு நோய் வந்தபின் மருந்து தெளிப்பதைவிட, விதை நேர்த்தி செய்வது மேல் என்பதைக் குடியானவர் அறிவார். வீட்டுக்கும் அதுவே வழி. வைகாசியில் ஒரு நாள், புரட்டாசியில் ஒரு நாள். ஆண்டில் இந்த இரண்டு நாட்களை வீட்டுக்கென்று ஒதுக்கினால், சாரல் வரும்போது வாசலில் அமர்ந்து அதைக் கண்டு மகிழலாம். பாத்திரம் தேடி உள்ளே ஓட வேண்டியிராது.